போர்டு போச்சு சார்

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி உறும ஆரம்பித்தால், மூடியைக் கழற்றும் முன்பே மெக்கானிக்கின் தீர்ப்பு வந்துவிடும்: "போர்டு போச்சு சார்." எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் காலத்து கவர்னரில் ஸ்பிரிங்கும் சுழலும் எடைகளும்தான், எது போச்சு என்று கண்ணால் பார்க்கலாம். இப்போது கார்புரேட்டர் தலையில் தீப்பெட்டி அளவு ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று உட்கார்ந்து, போர்டு சொன்னபடி த்ராட்டில் தகட்டைத் திருப்புகிறது. போர்டுக்கு வாய் கிடையாது, பழியெல்லாம் அதன்மேல்.

புதுப் போர்டின் விலை கேட்டால் நமக்கே உறுமல் வரும். அதற்குமுன் ஈகோ (Eco) சுவிட்சை அணைத்துவிட்டு, சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் போர்டு நிரபராதி. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பிசினாகி, ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளையை அடைத்திருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் அசையவே இல்லையா? கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னால் மெக்கானிக் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அதான் சார், போர்டு சரியில்லாததாலதான் ஜெட் அடைச்சிருக்கு" என்பார்.