14 பையும் ஒரு துவைக்கிற கல்லும்

பொள்ளாச்சியில் வாங்கிய அந்த ஜாக்கெட்டுக்குக் கை கிடையாது. பை மட்டும் 14. "மிலிட்டரி மாடலுங்ணா" என்றார் கடைக்காரர். கத்திக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, தோட்டாவுக்கு நாலு. என்னிடம் டார்ச்தான் இருந்தது. தோட்டாப் பைகளில் கடலைமிட்டாய் போட்டுக்கொண்டேன்.

சேத்துமடை தாண்டி ஏறினால் டாப்சிலிப். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய தேக்கை மேலேயிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர். மூங்கில் புதரோரம் பத்தடி தூரம் நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். வழிகாட்டியாக வந்த மலசர் பெரியவர் பழைய காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக நின்று பார்த்தார். அவர்மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

ஆனைமலை வந்து இறங்கினால், அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, எந்த நாட்டோட சண்டை?"

ரோஷத்தில் ஈரத்தோடேயே பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மேலே இருந்த சேறு நூலுக்குள் இறங்கிக் குடியேறியது. கல்லில் ஓங்கி அடித்தேன். பிளாஸ்டிக் கொக்கி ஒன்று தெறித்துத் தென்னைமரத்தடியில் விழுந்தது. சலவைப் பவுடரை அள்ளினேன். இது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு என்று பிறகுதான் படித்தேன். வெள்ளையைப் பளிச்சென்று காட்ட அதில் சேர்க்கிற பொருள் புற ஊதா ஒளியில் மின்னுமாம். மான் கண்ணுக்கு அது தெரியுமாம். மறைந்து நிற்க வாங்கிய உடுப்பில் ட்யூப்லைட் மாட்டியிருக்கிறேன்.

"காயட்டும் விடு கண்ணு. காஞ்சா சேறு தானா உதுந்துரும்."

உதிர்ந்தது. தட்டி, பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்ததும் மிச்சமும் போனது. போகாதது வெல்க்ரோவில் சிக்கிய நாயுருவி விதை. நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் வெல்க்ரோவுக்கு யோசனை பிடித்தாராம். அண்ணன் தம்பி கட்டிக்கொண்ட மாதிரி இரண்டும் பிரிய மாட்டேன் என்றன. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். வெல்க்ரோவை மூடிவிட்டுத் துவைத்திருந்தால், கல்லோரம் கிடந்த நூலும் முடியுமாவது உள்ளே ஏறியிருக்காது.

தோட்டாப் பைக்குள் கரைந்த கடலைமிட்டாயை எறும்பு பார்த்துக்கொண்டது. தோளில் வைத்திருந்த பஞ்சு காய நாலு நாள் ஆனது.

ஜாக்கெட் இப்போது கொடிக்கயிற்றில் நிரந்தரமாகத் தொங்குகிறது. அம்மா அதில் துணி கிளிப் போட்டு வைக்கிறார். இதுவரை 6 பை நிரம்பியிருக்கிறது.