கராஜ் மாமா

நியூ ஜெர்சியில் பனியெல்லாம் வடிந்து, ஏப்ரலில் முதல் வெயில் சனிக்கிழமை வந்தால், தெருவுக்கு ஒரு கராஜ் கதவாவது பாதி திறந்திருக்கும். கதவுக்குக் கீழே அரை டிரவுசரில் இரண்டு கால்கள் தெரியும். உள்ளேயிருந்து 'டுர்ர்... டுர்ர்... பொத்' என்று சத்தம் வரும். பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி 'டுர்ர்'. அந்தக் கால்களுக்கும் பெருமூச்சுக்கும் சொந்தக்காரர்தான் கராஜ் மாமா.

மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் இருந்தவரை, ஃபியூஸ் போனால்கூட எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு விசிறியோடு வாசலில் உட்கார்ந்தவர். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதையே அமெரிக்கா வந்துதான் கற்றார். இங்கே கணக்கு தலைகீழ். பொருள் மலிவு, கூலி கொள்ளை. புல் வெட்டும் மெஷினை ரிப்பேருக்கு விட்டால் புது மெஷினின் விலையில் பாதி கூலிக்கே போய்விடும். மே மாதமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். விவரமானவர்கள் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். இன்னும் விவரமானவர்கள் ஆள் வைத்து வெட்டுகிறார்கள். மாமா சாக்கெட் ஸ்பானர் செட் வாங்கினார்.

அதோடு கார் கராஜை விட்டு வெளியேறியது. ஜனவரிப் பனியில் கார் வெளியே நடுங்கும். உள்ளே பழைய ஜமுக்காளம் போர்த்திக்கொண்டு புல்வெட்டி நிற்கும்.

மெஷினின் பூர்வீகத்தை மாமா வாயால் கேட்க வேண்டும். கிராஃப்ட்ஸ்மேன் மெஷின், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், சியர்ஸ் கடையில் வாங்கியது. கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயர் 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்குக் கைமாறியது. 2018இல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. 1908இல் மில்வாக்கியில் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனும் 2020இல் திவால் மனு கொடுத்து, வேறு கைக்குப் போய்ப் பிழைத்தது. "அவ்வளவு பேரும் படுத்தாச்சு. என் மெஷின் படுக்கலியே!" என்பார் மாமா. சொல்லும்போது மெஷின் கவிழ்ந்து படுத்துத்தான் இருக்கும். அதையெல்லாம் நாம் சுட்டிக்காட்டக் கூடாது.

பார்ட்ஸ் தேடுவது தனி வித்தை. மெஷினின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கழுவி, மாமாவே அதில் பாதியை அழித்திருப்பார். எஞ்சினுக்கோ மாடல், டைப், கோட் என்று தனியாக மூன்று எண்கள் தகட்டில் குத்தியிருக்கும். கோட் 030514 என்று தொடங்கினால் அந்த எஞ்சின் பிறந்தது 2003 மே 14 என்று அர்த்தம். கல்யாண நாளைக் காலண்டர் பார்த்துச் சொல்கிற மாமா, இதைக் காலண்டர் பார்க்காமல் சொல்லுவார். எண்ணோடு கடைக்குப் போனால், "இந்த எண் இப்போது இல்லை, இதற்குப் பதில் வேறு எண்" என்பார்கள். அந்த எண்ணைத் தேடினால் அதற்கும் பதில் வேறொன்று வந்திருக்கும். கடைசியில் சாமான் வந்து சேரும்போது எது கெட்டது என்பதே மாமாவுக்குச் சற்று மறந்திருக்கும்.

தெருவில் புதிதாக வீடு வாங்கி வந்த பையன்களுக்கு மாமாதான் குரு. புது மாப்பிள்ளை ஒருவன் ஸ்டார்ட் ஆகாத மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான்.

"போன நவம்பர்ல பெட்ரோலை வடிச்சியா?"

"இல்லையே அங்கிள்."

"இங்க பெட்ரோல்ல பத்து பர்சென்ட் எத்தனால் கலந்திருக்கு தம்பி. சாராயம்! நாம ஒரு ராத்திரி குடிச்சாலே மறுநாள் எழுந்திரிக்க முடியல. இது ஆறு மாசமா அதுல ஊறிக் கிடக்குது. எப்படி எழுந்திரிக்கும்?"

எத்தனால் ஈரத்தை இழுக்கும், தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரின் ஊசித் துவாரத்தை அடைக்கும் என்று பாடம் தொடரும். பையன் மெஷினைச் சாய்க்கப் போவான். மாமா பதறுவார்.

"முதல்ல பிளக் ஒயரைக் கழட்டு! அப்புறம்தான் பிளேடு கிட்ட கை போகணும். ஏர் ஃபில்டர் பக்கம் மேல இருக்கிற மாதிரி சாய். மாத்திச் சாய்ச்சா ஆயில் அதுல இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகையா வரும். எதிர்வீட்டுக்காரன் ஃபயர் இஞ்சினைக் கூப்பிட்டுருவான்."

மாமாவின் வாழ்நாள் சாதனை ஃபிளைவீல் கீ. ஒரு சனிக்கிழமை பிளேடு மேப்பிள் மரத்தின் வேரில் இடித்து நின்றது. அதன்பிறகு கயிற்றை இழுத்தால் அது கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. மாமா பிளக்கை மாற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். கார்பரேட்டரையே மாற்றினார். கடைசியில் மேல்மூடியைக் கழற்றி, ஃபிளைவீலை இழுத்தெடுத்துப் பார்த்தால், அதை அச்சோடு சேர்த்து நிறுத்தும் கீ லேசாக வெட்டுப்பட்டிருந்தது. வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்த துண்டு, விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. பிளேடு எதிலாவது மோதினால் அது முதலில் அடி வாங்கிக்கொள்ளும். ஃபிளைவீல் மயிரிழை நகர்ந்துவிடும். பொறி தப்பான நேரத்தில் விழும். கீயின் விலை சில டாலர்கள். ஃபிளைவீலைக் கழற்ற வாங்கிய கருவியின் விலையை மாமா இன்னும் மாமியிடம் சொல்லவில்லை.

மாமி பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் பேசுவாள். 1982 நடுவிலிருந்து அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு: தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டியின் பிடியைக் கைவிட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். மாமாவின் மெஷினில் பிடியை விட்டால் எஞ்சினே நின்றுவிடும். அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஓடவைத்ததை, "ஏங்க, கொத்தமல்லி வாங்கிட்டு வரணும்" என்பதற்காக யாராவது விடுவார்களா? மாமா இரண்டு கையாலும் பிடியை இறுக்கியபடி தலையை மட்டும் ஆட்டுவார். மாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். கொத்தமல்லி வராது.

இதையெல்லாம் சிக்கனம் என்று நினைத்தால் மாமாவைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் அவர் கவனிக்கும் சிஸ்டம் எங்கோ கண்காணாத இடத்தில் ஓடுகிறது. அது நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க மீட்டிங். கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல இன்னொரு மீட்டிங். புல்வெட்டி அப்படியில்லை. பெட்ரோல், காற்று, பொறி, அமுக்கம் என நாலே நாலுதான். ஓடவில்லையென்றால் அந்த நாலில் ஏதோ ஒன்று கோளாறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அது எது என்று தெரிந்துவிடும், கையில் கிரீஸும் ஒட்டியிருக்கும். வாரத்தில் மாமா பெறும் ஒரே நேரான பதில் அதுதான்.

அவர் மகளுக்கு இது புரியவில்லை. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறாள். 2024 மாடலிலிருந்து அங்கே புதிய பெட்ரோல் புல்வெட்டிகளுக்கு இடமில்லை. அப்பாவின் முதுகுவலியை நினைத்து, பேட்டரியில் ஓடுவதை அனுப்பிவைத்தாள். பொத்தானை அழுத்தினால் ஓடியது. மறுவாரமும் அழுத்தினார், ஓடியது. மாமா பொறுத்துப் பார்த்தார். அதில் ஒன்றுமே கெடவில்லை. "நல்ல மெஷின்தான்மா. ஆனா நமக்கு அதுல வேலையே இல்லை" என்று ஃபோனில் சொல்லிவிட்டு, அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தாரை வார்த்தார்.

இப்போது கிராஃப்ட்ஸ்மேனில் முன்சக்கரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்து, மெஷின் தானாக நகர மறுக்கிறது. அந்தச் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. பெரிய சாமான்களைக் குப்பைக்கு வைக்கும் நாளின் முந்தைய இரவு மாமா வாக்கிங் போனார். நாலு தெரு தள்ளி, நடைபாதை ஓரத்தில் யாரோ செத்துப்போனதென்று வைத்திருந்த அதே மாடல் நின்றது. இருட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்குங்க?" என்றாள் மாமி.

"பார்ட்ஸுக்கு ஆகும்."

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், சும்மா, என்னதான் கோளாறு என்று பார்க்கலாமே என்று கார்பரேட்டரைத் துடைத்து, பிளக்கை மாற்றிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே ஓடியது. ஓடுகிற மெஷினிலிருந்து சக்கரத்தைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த குப்பை நாளுக்காகக் காத்திருக்கிறார்.