காற்றின் தெம்பு 34 அடி

கேள்வி: கிணற்று மேட்டில் 5 எச்.பி. மோட்டார் இருக்கிறது. நீர்மட்டம் 40 அடிக்குப் போனதும் தண்ணீர் ஏற மறுக்கிறது. 10 எச்.பி. வாங்கட்டுமா?
– வாசகர், பாளையம்பட்டி

பதில்: வாங்குங்கள், கடைக்காரர் மகிழ்வார். தண்ணீர்தான் அசையாது! மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை; குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பதோடு சரி. தண்ணீரைத் தள்ளி ஏற்றுவது வெளிக்காற்று. அதன் தெம்பு சுமார் 34 அடி. குழாய் உராய்வு, புட்வால்வு கசிவு போக 25 அடி தேறினால் பெரிது.

கலிலியோவுக்கே இது பிடிபடவில்லை. நீளக் கயிறு தன் பாரத்தால் அறுவதுபோல் நீர்த்தம்பமும் அறுகிறது என்று நினைத்தார். காரணம் காற்றின் எடை என்று அவருடைய சீடர் டாரிசெல்லி 1643 வாக்கில் கண்டுபிடித்தார். அவருடைய சோதனைக் குழாயில் பாதரசம் 76 செ.மீ. உயரம் நின்றது. அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள், அதே 34 அடி!

மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்குங்கள். அல்லது நீர்மூழ்கி மோட்டார் போடுங்கள். கீழிருந்து தள்ளுவதற்கு இந்த வரம்பு இல்லை. ஒரே நிபந்தனை, கீழே தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கு எந்த எச்.பி.யும் உதவாது; கிணறு ஊற, ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய் வரத்துக்காலைத் தூர்வாருங்கள்.