பாம்பு போட்ட காப்பு

லண்டன் வெம்பிளியின் ஈலிங் றோட்டில் நடக்கிற எங்கள் பெண்களின் நகைகள் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். தாலிக்கொடி எத்தனை பவுண் என்பதை வைத்து, மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காலத்தில் எப்படி இருந்தார்கள் என்று கணக்குப் பார்த்துவிடலாம். நீலக்கல் மோதிரம் சனி பகவானோடு உள்ள கொடுக்கல் வாங்கலைச் சொல்லும். அம்மாவிடம் இத்தனையும் உண்டு. ஆனால் அவர் றோட்டில் மயங்கி விழுந்தால், குனிந்து பார்க்கிற அம்புலன்ஸ்காரருக்கு வேண்டிய இரண்டே விஷயங்கள் அதில் எங்கேயும் இல்லை: வார்ஃபரின் குளிசை எடுக்கிறார், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.

வார்ஃபரின் இரத்தத்தைச் சுலபமாக உறைய விடாது. விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே கசிவு லேசில் நிற்காது. அது முதலிலேயே தெரிந்தால் வைத்தியத்தின் போக்கே வேறு. ஆகவே நோய் விபரம் பொறித்துக் கையில் போடுகிற மெடிக்அலெர்ட் காப்பைப் பற்றி, அதிலும் எஃகில் செய்ததைப் பற்றி, பேச்செடுத்தேன்.

அதன் கதை 1953இல் கலிஃபோர்னியாவின் டர்லாக் என்ற ஊரில் தொடங்குகிறது. மரியன் கொலின்ஸ் என்ற டாக்டரின் மகள் லிண்டாவுக்குக் காயம் பட்டது. ஏற்பு ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்கப் போட்ட துளி மருந்தே அவளைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு தகப்பன் மகளின் கோட்டில் கடதாசி குத்தி அனுப்பினார். கடதாசி வெள்ளிக் காப்பாகி, 1956இல் ஓர் அமைப்பாகவும் வளர்ந்தது.

அம்மா முழுவதையும் கேட்டார். "டொக்டரின்ரை பிள்ளைக்கு வெள்ளி. எனக்கு இரும்போ?"

அடுத்த தடை இதைவிடப் பெரிது. "வருத்தத்தைக் கையிலை எழுதி ஊருக்குக் காட்டோணுமோ?" இப்படிக் கேட்டவர்தான், 83ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் இருந்த குஜராத்தி அம்மாவுக்குத் தன் இரத்தப் பரிசோதனை முடிவை, இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லாமல், அல்பேட்டன் வரை விளக்கியவர்.

வேறு வழிகளையும் பார்த்தோம். லயன்ஸ் கழகத்தார் சின்னப் போத்தல் ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். நோய் விபரத்தை எழுதி அதற்குள் போட்டு பிரிட்ஜில் வைக்க வேண்டும். வாசற்கதவின் உள்பக்கத்திலும் பிரிட்ஜிலும் பச்சைச் சிலுவை ஒட்ட வேண்டும். எந்த வீட்டிலும் பிரிட்ஜ் சட்டென்று கண்ணில் படும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் பிரிட்ஜ் கண்ணில் படும். உள்ளே போத்தல் படாது. ஒரு மாதத்துக்குள் கடதாசி வெளியே வந்து, போத்தலுக்குள் பெருங்காயம் குடிபுகுந்தது.

திருப்பம் தந்தது அந்தக் காப்பின் படம். கிரேக்கரின் வைத்தியத் தெய்வமான எஸ்க்கிளேப்பியஸின் தடியும் அதில் சுற்றிய பாம்பும் அமைப்பின் சின்னம். அம்மாவுக்குப் புங்குடுதீவு, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் அடுத்தது நயினாதீவு நாகபூசணி அம்மன். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். கிரேக்கர் பக்கம் நான் பிறகு வாயே திறக்கவில்லை.

எழுத்துப் பொறிப்பதிலும் இழுபறிதான். தகட்டில் கொள்வது சில வரிகள். மருந்து, ஒவ்வாமை, உறுப்பினர் எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிற தொலைபேசி எண், அவ்வளவே. அம்மாவோ "புங்குடுதீவு எண்டும் போடு, அப்பத்தான் ஆர் எண்டு பிடிபடும்" என்றார். அம்புலன்ஸில் வருகிறவர் எந்த வட்டாரம் என்று கேட்கப்போவதில்லை என்று புரியவைக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

காப்புக்கு ஓர் உபகாரமும் உண்டு. தீபாவளி நெருங்கினால் லண்டன் பொலிஸ் தங்கம் கவனம் என்று எங்கள் ஆட்களை எச்சரிப்பது வழக்கம். பஸ்ஸில் சேலைத் தலைப்பால் மூடாமல் அம்மா போட்டுக்கொண்டு போகிற ஒரே நகை இதுதான்.

அல்பேட்டனில் ஒரு சாமத்தியவீட்டில் பெரியம்மா அதைப் பிடித்துத் திருப்பிப் படித்தார். "உனக்கு ரெண்டுதானே? எனக்குச் சீனி, பிறஷர், தைரொயிட். இந்தத் தகடு காணாது." பக்கத்து மேசைகளிலிருந்தும் வருத்தங்கள் வரிசையாக வந்தன, அம்மா கடைசி இடத்துக்குப் போனார்.

"இது தங்கத்திலை இல்லையோ?" என்றார் பெரியம்மா. இருக்கிறது. நான்தான் வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. பெரியம்மாவின் மருமகள் கைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். 9 கரட்.

அம்மா தன் காப்பைத் திரும்ப வாங்கிக் கையில் போட்டார். "ஒன்பதோ? அதுக்கு இரும்பே இருக்கட்டும்."