அடுத்த வளைவு 85 கிலோமீட்டரில்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கார் லாரி மேல ஏறி ஊர்வலம் போகுது, வித்துட்டியா?" என்று கேட்டிருந்தீர்கள். விற்கவில்லை. விற்றிருந்தால் நாலு காசு கையில் நின்றிருக்கும். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். சங்ககிரியிலிருந்து இந்தியா முழுக்க டாரஸ் லாரி ஓட்டியவருக்கு இது ருசிக்கும்.

பெர்த்தில் என் மச்சான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். எங்கள் நாலு பேருக்கும் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் கார்மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது. அடிலெய்டிலிருந்து பெர்த் சுமார் 2,700 கிலோமீட்டர். நீங்கள் சங்ககிரியில் லோடு ஏற்றி டில்லியில் இறக்கினால்கூட அவ்வளவு வராது. ஆனால் உங்களுக்கு வழியில் ஓசூர், கர்னூல், நாக்பூர் என்று வந்துகொண்டே இருக்கும். எனக்கு நல்லர்போர் என்று ஒரு பொட்டல் வந்தது. அயர் நெடுஞ்சாலை அதன் ஓரமாகப் போகிறது. செடூனாவிலிருந்து நார்ஸ்மன்வரை 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்வதெல்லாம் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, பத்துப் பதினைந்து படுக்கை அறை. ரோட்ஹவுஸ் என்கிறார்கள். 1976இல்தான் இந்தச் சாலை முழுவதும் தார் கண்டதாம். கிளம்புமுன் காரை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் பானெட்டைத் தட்டி, "நோ வொரீஸ் மேட், நிலாவுக்கே போகலாம்" என்றார். நிலாவுக்குப் போயிருந்தால் ஒருவேளை போயிருக்குமோ என்னவோ.

மாநில எல்லையில் முதல் அடி விழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வெளி மாநிலக் காய், கனி, தேன் எதுவும் நுழையக்கூடாது. பழ ஈ, தேனீ நோய் என்று காரணங்கள் உண்டு, நியாயமும்தான். சோதனைச் சாவடியில் ஒரு அம்மையார் டிக்கியைத் திறந்து, உங்கள் மருமகள் வழிச் சமையலுக்குக் கட்டி வைத்திருந்த தக்காளி, வெங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கித் தொட்டியில் போட்டார். கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் மோந்து பார்த்து, "அருமையான வாசனை!" என்று சொல்லிவிட்டுப் போட்டார். அதைத்தான் இவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மிஞ்சியது புளியோதரையும் ஊறுகாயும்.

கைகூனா என்று ஒரு ரோட்ஹவுஸ். அதைத் தாண்டியதும் சாலை வளைவதை மறந்துவிடுகிறது. 146.6 கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு. ஸ்டீயரிங் எதற்கு என்று தெரியவில்லை. இடையில் தாரின்மேல் வெள்ளைப் பட்டைகளைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சின்னவன் பாதசாரி கடக்கும் இடம் என்று நினைத்துக் கொண்டான். யார் கடக்கப் போகிறார்கள், கங்காருவா? அது பறக்கும் டாக்டர் விமானம் இறங்குவதற்கான ஓடுதளம். 1928இல் தொடங்கிய சேவை. ஆபத்தில் இருக்கும் நோயாளிக்காகச் சாலையை மறித்து விமானத்தை அங்கேயே இறக்குகிறார்கள். இதை நான் விளக்கி முடிக்கவும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியவும் சரியாக இருந்தது. அடுத்து வெப்ப முள் ஏறியது. அப்புறம் ஒரு 'படார்'. ஓரமாக விட்டு நிறுத்தினேன்.

பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் கழன்று கிடக்கிறது. கூலன்ட் தரையில் சொட்டுகிறது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. பெரியவன், "அப்பா, உங்களுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா அந்தப் பிளேன் வருமா?" என்றான். எப்படிச் சொல்வது என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றான்.

இந்தப் பக்கத்தில் வண்டி நின்றால் முதல் பாடம், வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்து செத்தவர்கள் பலர் நடக்க ஆரம்பித்தவர்கள்தான். காரைக் கண்டுபிடிப்பது சுலபம், மனிதனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தண்ணீர் கேன் இருபது லிட்டர் இருந்தது, நிழலுக்குக் கார் இருந்தது. ஆனால் ஈக்கள்! நம்மூர் ஈ பலகாரத்தைத் தேடி வரும். இந்த ஈ நம் கண்ணையும் மூக்கையும் தேடி வருகிறது. பேச வாயைத் திறந்தால் நுழைகிறது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் வாய் மூடி உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

நம்மூரில் லாரி நின்றால் பின்னால் கிளையை ஒடித்துப் போட்டு, கல்லைப் பரப்பிவிட்டு உட்கார வேண்டும். பத்து நிமிஷத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். அதில் பதினெட்டுப் பேர் யோசனை சொல்வார்கள், ஒருவர் டீ வாங்கி வருவார், ஒருவர் மெய்யாகவே மெக்கானிக்காக இருப்பார். இங்கே கூட்டமே கிடையாது. ஆனால் ஒன்று, வருகிற வண்டி ஒவ்வொன்றும் நிற்கிறது. அடிலெய்டில் நடுரோட்டில் நின்றால் ஹாரன் அடிப்பவர்கள், இங்கே வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாமும் தூக்கினால் 'பிரச்சினை இல்லை' என்று அர்த்தம், போய்விடுவார்கள். நான் கையை வேறு விதமாக ஆட்டினேன். முதலில் வந்த காரவன் நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டு, நாட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும் தாத்தா பாட்டிகள் இங்கே ஏராளம். அந்தப் பாட்டி எதுவும் விசாரிப்பதற்கு முன் மடக்கு நாற்காலிகளை இறக்கி, அடுப்பைப் பற்றவைத்து, தேநீர் கொடுத்தார். தாத்தா எஞ்சினை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது வெள்ளி நிற வண்டி, இல்லையா?" என்றார். அவரும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர்தான். ஆனால் வேறு ஆள் வரும்வரை எங்களை விட்டு நகர மாட்டேன் என்றார், நகரவும் இல்லை.

தேநீர் குடிக்கும்போதுதான் அயர் கதையை அவர் சொன்னார். இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த எட்வர்ட் ஜான் அயர், 1841இல் இந்தக் கரையோரமாக மேற்கே போனவர். கூட வந்த பாக்ஸ்டர் வழியில் கொலையானார். வைலி என்ற பூர்வகுடி இளைஞர் ஒருவர்தான் கடைசிவரை துணை. பட்டினியில் தள்ளாடியவர்களைக் காப்பாற்றியது கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல். அதன் கேப்டன் ரொசிட்டர் ஆங்கிலேயர். அவர் பெயரை அந்த விரிகுடாவுக்கு வைத்துவிட்டார் அயர். எனக்குத் தேநீர் கொடுத்த பாட்டியின் பெயரை வைக்க என்னிடம் விரிகுடா இல்லை.

பிறகு வந்தது சித்தப்பா, ரோடு ட்ரெய்ன்! ஒரு லாரி, அதன் பின்னால் ஒன்றுக்கு இரண்டு ட்ரெய்லர். இந்தச் சாலையில் 36.5 மீட்டர் நீளம்வரை அனுமதி. நிற்பதற்கே அது அரை கிலோமீட்டர் எடுத்துக்கொண்டது. சின்னவன் சக்கரங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் கணக்கை விட்டுவிட்டான். டிரைவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக இறங்கி நடந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. வாட்டர் பம்ப் புல்லியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். விழப்போகிற பால்பல்லைப் போல அது ஆடியது. அடியில் ரோஸ் நிறத்தில் கூலன்ட் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. "பம்ப் பேரிங் போச்சு. அதுதான் பெல்ட்டைத் துப்பிடுச்சு. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஹெட் போயிரும்." அவ்வளவுதான். நீங்கள் பார்த்திருந்தாலும் இதையேதான் இதே நேரத்தில் சொல்லியிருப்பீர்கள். வேட்டித் துணியை முறுக்கி பெல்ட்டாகக் கட்டி ஈரோடுவரை ஓட்டி வந்த உங்கள் கதையை அவரிடம் சொன்னேன். ரசித்துக் கேட்டார், பம்பே இல்லாதபோது வேட்டி உதவாது என்றார்.

லாரிக்காரர்கள் எல்லாரும் ரேடியோவில் 40ஆம் சேனலில் பேசிக்கொள்கிறார்கள். காரவன்காரர்களுக்கு 18. அவர் மைக்கை எடுத்து, எதிரே வரும் வண்டிகளுக்கெல்லாம் "நேர்கோட்டில் ஒரு வெள்ளிக் கார் ஓரமாக நிக்குது, குழந்தைங்க இருக்காங்க, பார்த்து வாங்க" என்றார். கிளையும் கல்லும் செய்கிற வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது. பிறகு தன் செயற்கைக்கோள் போனில் என் மோட்டார் சங்கத்தைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இங்கே மாநிலத்துக்கு ஒரு சங்கம், சந்தா கட்டி உறுப்பினராகிக்கொள்ள வேண்டும். ஒரு மாநில அட்டை இன்னொரு மாநிலத்திலும் செல்லும். மறுமுனையில் குளிர்சாதன அறையிலிருந்து ஒரு பெண் குரல்:

"பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"

"இருக்கிறோம்."

"எந்தத் தெரு?"

"அயர் நெடுஞ்சாலை."

"பக்கத்தில் இருக்கும் குறுக்குத் தெரு?"

நான் நாலு பக்கமும் பார்த்தேன். டிரைவர் போனை என் கையிலிருந்து வாங்கி, "குறுக்குத் தெரு இல்லை தங்கச்சி. கிழக்கே 60 கிலோமீட்டரில் ஒரு வளைவு, மேற்கே 85இல் ஒரு வளைவு. நடுவில் இவங்க மட்டும்தான்" என்றார். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காதாம். கடைசியில் அந்தப் பெண் என்ன எழுதிச் சமாளித்தாரோ, பதிவாகிவிட்டது. லாரிக்காரருக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன். முறைத்தார். புளியோதரை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். காரம் எப்படி இருந்தது என்று கேட்க ஆள் அகப்படவில்லை.

ரெக்கவரி வண்டி கிழக்கே இருந்து நாலு மணிக்கு வரும் என்று தகவல். எந்த நாலு மணி? கைகூனா பக்கத்து ரோட்ஹவுஸ்கள் சில சேர்ந்து தங்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கின்றன. பெர்த்தைவிட முக்கால் மணி முன்னே. நாங்கள் நின்ற இடம் பெர்த் நேரம். சிக்னல் இல்லாத என் போன் இன்னும் அடிலெய்டிலேயே இருந்தது. தன் அம்மாவுக்குப் போன் பண்ண வசதியாக உங்கள் மருமகள் கைக்கடிகாரத்தில் எப்போதும் இந்திய நேரம்தான். வண்டி வந்து நின்றபோது என் போனில் 4:50, ஒரு பிடி பிடிக்கலாம் என்று இருந்தேன். பெர்த் கணக்கில் 3:20, நாற்பது நிமிஷம் சீக்கிரம். இவள் கடிகாரத்தில் மதியம் 12:50, சாப்பாட்டு நேரம். அவரோ தன் கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் லேட், மன்னிச்சுக்கோங்க" என்றார். யாரைத் திட்டுவது?

காரை வின்ச் போட்டு மேலே இழுத்துக் கட்டி, எங்களை கேபினின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நார்ஸ்மன்வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊர் எது என்று கேட்டார். சேலம் பக்கம் என்றால் தெரியவா போகிறது என்று நினைத்து, "கிரிக்கெட் நடராஜன் ஊருக்குப் பக்கம்" என்றேன். மனிதர் ஸ்டீயரிங்கையே தட்டிவிட்டார்! 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் எங்கள் சின்னப்பம்பட்டிப் பையன் பந்து போட்டதை வரிசையாக ஒப்பித்தார். வழி நெடுக யார்க்கர் பேச்சுதான். கட்டணத்தில் மட்டும் தள்ளுபடி இல்லை.

டீசலுக்காகப் பல்லடோனியாவில் நிறுத்தினார். அங்கே சின்ன அருங்காட்சியகம், அதில் ஒரு கதை. 1979இல் நாசாவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து இந்தப் பிரதேசத்தில்தான் சிதறியது. குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கே 400 டாலர் அபராதச் சீட்டு எழுதிவிட்டது. அது வேடிக்கைக்குத்தான் என்றாலும், நான் வெளியே வந்து, ரோட்டோரம் பெல்ட்டை விட்டுவிட்டு வரவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

நார்ஸ்மனில் இறங்கியது ராத்திரி. மறுநாள் ஏப்ரல் 25, போரில் இறந்தவர்களின் நினைவு நாள். ஊரே விடியலில் எழுந்து அஞ்சலி செலுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. பம்ப் கல்கூர்லியிலிருந்து வர வேண்டும். பையன்கள் தகர ஒட்டகச் சிலைகளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வீட்டில் பால் காய்ச்சியது மட்டுமல்ல, பாத்திரம் கழுவியதும் முடிந்திருந்தது.

சித்தப்பா, இரண்டு விஷயம். என் அட்டையில் இருந்த இழுவைத் தூரம் போதவில்லை. மிச்சக் கிலோமீட்டருக்குக் கையிலிருந்து கட்டினேன். இப்போது பெரிய அட்டைக்கு மாறிவிட்டேன். இரண்டாவது, அந்தத் தொகையை அம்மா கேட்டால் டாலரில் மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து ரூபாயில் பெருக்கிக் காட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்