போர்ஷன் அப்பா

“போர்ஷன் எப்பங்க சார் முடியும்?”

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் நடுவில்தான் முடிந்திருக்கும். ரிசல்ட் வர மே பாதி ஆகும். பிளஸ் ஒன் தொடங்க ஜூன் ஆகும். பையன் பிளஸ் ஒன் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதற்குள் கோடைக்கால நீட் வகுப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிடுவார். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிராஷ் கோர்ஸ், பிரிட்ஜ் கோர்ஸ், ஃபவுண்டேஷன் என்று போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பேட்ச்சுக்கு இப்படி ஒரு அப்பா நிச்சயம். சென்ட்ரிங் எப்போது பிரிப்பீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்கிற குரலிலேயே வாத்தியாரையும் கேட்பார். திட்டமும் கைவசம் இருக்கும். “பிளஸ் ஒன் போர்ஷன் மே கடைசிக்குள்ளே. பிளஸ் டூ போர்ஷன் டிசம்பருக்குள்ளே. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் வெறும் ரிவிஷன்தானுங்க சார்.” பையனுக்கு இதில் என்ன வேலை என்பதுதான் திட்டத்தில் தெளிவாக இருக்காது.

எங்கள் பேட்ச்சு அப்பா, பிளஸ் ஒன் இயற்பியல் பொருளடக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். இரண்டு தொகுதி, பதினொரு பாடம். நடந்துகொண்டிருக்கும் பாடத்துக்கு நீலப் புள்ளி, முடிந்ததற்குச் சிவப்பு டிக். சாயங்காலம் வகுப்பு விட்டதும் பையன்கள் சைக்கிளை நோக்கி ஓடுவார்கள், அவர் என்னை நோக்கி வருவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று மகனிடம் ஒருநாளும் கேட்டு நான் பார்த்ததில்லை. மகன் சொன்னால் நம்பிக்கை இல்லை, லேமினேஷன்மேல்தான் நம்பிக்கை.

முதல் வாரத்திலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. நான் பாடத்துக்குள் போகவில்லை. வரைபடம் படிப்பது, வெக்டர், கொஞ்சம் சைன் காஸ், வகையிடலில் அரிச்சுவடி என்று நடத்திக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். அங்கேயே திசைவேகத்தை வகையிட்டு முடுக்கம் எடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்திலோ வகைநுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் பையன்கள் ‘வி ஈக்குவல் டு யூ ப்ளஸ் ஏடி’ என்று மந்திரம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். இந்தப் பள்ளத்தை நிரப்பக் கோடை விடுமுறையை விட்டால் வேறு நேரமே கிடையாது.

“சார், இது எத்தனாவது சாப்டருங்க?”

“சாப்டர் இல்லீங்க. இது தெரிஞ்சாத்தான் சாப்டர் புரியும்.”

லேமினேஷனை வெளியே எடுத்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் முருகன் படம்.

“இண்டெக்ஸ்ல இல்லீங்களே.”

அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நிலவர அறிக்கை வந்தது: வேதியியல் ஒன்றரைப் பாடம், உயிரியல் இரண்டு பாடம், இயற்பியல் பூஜ்யம். பக்கத்துத் தெரு சென்டரில் மூன்றாவது பாடம் ஓடுகிறதாம் என்று கீழே ஒரு துணைச் செய்தி. கும்பிடும் கைகள் இருபது வந்து விழுந்தன. மறுநாள் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு ஒரு சார்ட்டைக் கொடுத்தது. அதில் நாளுக்கு இத்தனை பக்கம் என்று அச்சடித்திருந்தார்கள்.

நெகட்டிவ் மார்க்குக்காக வீட்டில் கேபிளைப் பிடுங்கியது, பையனின் தலைமுடியை ஒட்ட வெட்டியது, இதெல்லாம் உண்டு. எல்லா அப்பாக்களும் செய்வதுதான், விடுங்கள்.

எனக்கு எரிச்சல் அவர்மேல் மட்டும் இல்லை. மேயில் அவசர அவசரமாக முடித்த பாடத்தைப் பள்ளி ஜூனில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பேட்ச் மூன்றாவது முறை தொடங்கும். ஆக, ‘அளவீட்டியல்’ பாடத்தைப் பையன் மூன்று தடவை கேட்பான். கடைசிப் பாடமான ‘அலைகள்’ பக்கம் ஒருவரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, அதில் இயற்பியல் 45. மூன்று முறை முடித்த போர்ஷன் அங்கே வந்து உதவாது. படத்தைப் பார்த்ததும் கை தானாக விசையைக் குறிக்க வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். இதைக் கேட்டு ஒரு அப்பாவும் என்னிடம் வந்ததில்லை. பீஸ் கட்டுவது பக்கங்களுக்கு, பையன் கூடவே வந்துபோகிறான்.

ஆனாலும் அவரை முழுதாகக் கோபித்துக்கொள்ள முடிவதில்லை. கத்திரி வெயிலில் கேன் நிறைய மோர் கொண்டுவந்து, தன் மகன் பெயரைக்கூடச் சொல்லாமல் எல்லாப் பையன்களுக்கும் ஊற்றுவார். அவர் பிளஸ் டூ முடித்தது பழைய மாநில நுழைவுத்தேர்வுக் காலத்தில். மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300க்குக் கட்ஆஃப். மருத்துவம் அவருக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ நழுவிப்போனது. அந்தத் தேர்வை 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்தே அரசு கைவிட்டுவிட்டது, இவர் இன்னும் விடவில்லை. கட்ஆஃபை மூன்று தசமம் வரை சொல்வார்.

மே கடைசியில் ஒருநாள், பையன்கள் எல்லாம் போனபிறகு, தயங்கித் தயங்கி வந்தார். கையில் லேமினேஷன் இல்லை, மகனுடைய புத்தகம் இருந்தது. ஓரங்களில் பென்சில் குறிப்பு. கையெழுத்து மகனுடையது அல்ல.

“சார், கல்லை நேரா மேலே வீசுறோம். உச்சியிலே போய் வேகம் பூஜ்யம்னு போட்டிருக்குதுங்க. நின்னுபோன கல்லுக்கு முடுக்கம் மட்டும் எப்படிங்க இருக்கும்?”

அந்த பேட்ச்சில் ஒரு பையனும் கேட்காத கேள்வி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கரும்பலகையில் திசைவேகக் கோடு வரைந்தேன். கோடு சுழியைத் தொட்டுக் கீழே இறங்குகிறது, ஆனால் சாய்வு எந்த இடத்திலும் மாறுவதில்லை, அந்தச் சாய்வுதான் முடுக்கம் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பட்டென்று தொடையில் தட்டினார்.

“அட! இவ்வளவுதானுங்களா! இதைப் பசங்களுக்கு நடத்தலாமில்லீங்க சார்?”

“நடத்தினேனுங்க. முதல் வாரம்.”

“முதல் வாரமா?” சட்டைப் பைக்குக் கை போனது. “முதல் வாரம் போர்ஷனே நடக்கலியேங்க.”