கடற்கரை மனையும் கரடி வில்லங்கமும்

சர்ச்சில், மனிடோபா

அன்புள்ள மாமாவுக்கு,

"அங்கே கடற்கரை மனை என்ன விலை?" என்று கேட்டிருந்தீர்கள். ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் இந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. வெளியூருக்கு ரோடும் இல்லை. வின்னிபெக்கிலிருந்து ரயிலில் இரண்டு நாள். 2017 வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய், ஒன்றரை வருடம் அதுவும் ஓடவில்லையாம்.

மூலப்பத்திரத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 1670-இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், இந்த விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் அத்தனையையும் தன் சொந்தக்காரர் ரூபர்ட்டின் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்கு! கொடுத்தவரும் நிலத்தைப் பார்த்ததில்லை, வாங்கியவரும் பார்த்ததில்லை. குடியிருந்த கிரீ, இனுயிட் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருநூறு வருடம் பீவர் தோலில் சம்பாதித்த கம்பெனி, 1870-இல் அதே நிலத்தை 3 லட்சம் பவுண்டுக்குக் கனடாவிடம் தள்ளிவிட்டது. உங்கள் ரியல் எஸ்டேட் தொழிலுக்கு இவர்கள்தான் முன்னோடி.

பெயருக்குரிய ஹென்றி ஹட்சனுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை. உறைபனியில் ஒரு குளிர்காலம் பட்டினி கிடந்த மாலுமிகள், 1611-இல் அவரையும் மகனையும் இன்னும் ஏழு பேரையும் சின்னப் படகில் இறக்கிவிட்டுக் கப்பலோடு கிளம்பிவிட்டார்கள். அப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை.

ஊரை ஒட்டிய ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு கற்கோட்டை இருக்கிறது. 1731-இல் தொடங்கி நாற்பது வருடம் கம்பெனிக்காரர்கள் கட்டினார்கள். 1782-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்ததும் ஒரு குண்டுகூடச் சுடாமல் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் கான்ட்ராக்டர்களை இனிமேல் திட்டாதீர்கள்.

மனைக்கு ஒரு லாபமும் உண்டு. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான கனத்தில் பனிப்பாளம் இந்தத் தரையை அழுத்திக் கிடந்ததாம். அது உருகி ஆயிரக்கணக்கான வருடம் ஆகியும் தரை இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறது, வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். கடல் பின்வாங்கப் பின்வாங்க, பைசா செலவில்லாமல் மனை நீளும்.

வில்லங்கம் பனிக்கரடிதான். கடல் உறைந்தால்தான் அதற்குச் சீல் வேட்டை. ஜூலையில் பனி உருகிக் கரையேறினால் நவம்பர் வரை ஏறக்குறைய முழு விரதம். ஆற்றுநீர் கலப்பதால் இந்தப் பக்கம் கடல் சீக்கிரம் உறையும். அதற்காகவே எல்லாம் இங்கே வந்து காத்துக்கிடக்கின்றன. ஊருக்குள் நுழைந்தால் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். நிஜமாகவே ஜெயில், தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. ருசி கண்டால் திரும்பி வந்துவிடுமே! பிறகு ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் வடக்கே விடுவார்கள். இந்த ராஜமரியாதை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆனால் பாவம். பனி வரவர சீக்கிரம் உருகுகிறது. 1980-களில் விரிகுடாவின் மேற்குக் கரையில் 1,200 போல இருந்தவை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 618.

தெருவில் கரடி எதிர்ப்பட்டால் யாராவது ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று இங்கே பலர் காரைப் பூட்டுவதில்லை. இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அத்தை பார்சல் அனுப்பினால் ஊறுகாய், பருப்புப்பொடி போதும். கருவாடு வேண்டவே வேண்டாம். அது எனக்கு வந்து சேர்வதற்குள் வாசலில் வேறு ஆள் நிற்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்